வி.ஏ.ஓ. வீட்டுக்காரர்

16 ஜூன் 2022, வியாழன்

தாலுகா ஆபீசில் இன்று ஜமாபந்தி, கிராமக் கணக்குகளுக்கு வருஷாந்திரத் தணிக்கை. ஒவ்வொரு கிராமத்துப் பதிவேடாகப் புரட்டிப் பார்த்த அதிகாரி, என் கிராமத்துக்கு மட்டும் ஒரு இடத்தில்கூடச் சிவப்பு மை போடவில்லை. பதிவேடுகளைக் கட்டிக்கொண்டு எழுந்தேன். அப்போது கேட்டார்:

"நீங்கதானேம்மா அந்த அடங்கல் ஜோக்?"

ஹால் முழுக்கச் சிரிப்பு. வி.ஏ.ஓ.க்கள், சர்வேயர்கள், மனுவோடு வரிசையில் நின்ற ஜனங்கள் எல்லாரும். தாசில்தார் மேடம் மட்டும் குனிந்து பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். நானும் சிரித்துவைத்தேன். சிரிக்காவிட்டால் அது இன்னொரு ஜோக் ஆகிவிடும்.

மூன்று மாதத்துக்கு முன் டிவி காமெடிப் போட்டியில் என் வீட்டுக்காரர் சொன்னது. "என் பொண்டாட்டி வி.ஏ.ஓ.ங்க. ஊர்ல ஒரு சென்ட் விடாம அடங்கல் எழுதிடுவா. கல்யாணமாகிப் பன்னெண்டு வருஷம் ஆச்சு. அவதான் இன்னும் அடங்கல!"

அதற்குப் பிறகு திருத்துறைப்பூண்டியில் என்னைத் தெரியாதவர்கள் கிடையாது. எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்று எழுதும் ஏட்டுக்கு அடங்கல் என்று பெயர் வைத்தவர் யாரோ, அவர் என் கையில் மாட்டவேண்டும்.

17 ஜூன்

காலையிலிருந்து இவரோடு பேசவில்லை. இவருக்கு அது தெரியவும் இல்லை.

26 ஜூன், ஞாயிறு

கோபமாக இருக்கும்போது பழசை நினைத்தால் குறையும் என்கிறார்கள். குறைகிறது. அதுதான் எரிச்சல்.

2009-இல் கும்பகோணத்தில் சித்தப்பா மகள் கல்யாணம். வரவேற்பில் இரண்டு பேர் மேடையேறினார்கள். ஒருவர் மீரா உசேன், நல்ல பருமன். இன்னொருவர் மதிவாணன், ஒட்டடைக்குச்சி. பகலில் சிமெண்ட் கடையில் பில் போடுகிறவர், சாயங்காலமானால் மேடை. அன்று இவர் டவுன் பஸ்ஸில் ஏறும் ஒரு ஆளாக வந்தார். ஒரு கையில் வெற்றிலைக் கட்டு, ஒரு கையில் பித்தளைக் குடம், வாயில் டிக்கெட். அந்த வாயோடு கண்டக்டரிடம் சண்டை. ஒரு வார்த்தை புரியவில்லை, எல்லாம் புரிந்தது. எனக்குப் பாயசம் மூக்கில் ஏறிவிட்டது.

"மேடையில கோணங்கி பண்றவனுக்கா பொண்ணு குடுப்பாங்க?" என்றார் அப்பா. "வேற யாரும் என்னை இப்படிச் சிரிக்கவச்சதில்லையேப்பா" என்றேன். மறுவருஷம் கல்யாணம். அதற்கடுத்த வருஷம் எழில்மொழி.

அந்த மனிதரிடம்தான் இன்று சொன்னேன். "அந்த ஜோக்கை விட்டுடுங்களேன்."

"அது காமெடிம்மா. மேடையில வர்ற பொண்டாட்டி வேற, நீ வேற."

"அந்த வேற பொண்டாட்டியும் வி.ஏ.ஓ.வா? ஊர்ல எல்லாரும் என்னைப் பாத்துத்தானே சிரிக்கிறாங்க?"

வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொன்னேன். வாரிசுச் சான்றுக்கு வந்த ஆளிடம் ஒரு ஆவணம் குறைகிறது, கொண்டுவாருங்கள் என்றேன். "நீங்க அடங்கமாட்டீங்கன்னு உங்க வீட்டுக்காரரே சொல்லிட்டாரே" என்று என் மேஜை முன்னால் நின்று சொல்கிறான். கிராம உதவியாளர் வீரையன்தான் அவனை வெளியே கூட்டிப்போனார். பத்து வருஷம் வரப்பு வரப்பாக நடந்து எடுத்த பேர். அது ஒரு வரியில் போகிறது.

இவர் முகம் சுருங்கிவிட்டது. "இனிமே சொல்லமாட்டேன் ஷோபி" என்று என் கையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

14 ஆகஸ்ட், ஞாயிறு

சொல்லிவிட்டார்.

நாகப்பட்டினம் பக்கம் அம்மன் கோயில் திருவிழா. யாரோ எடுத்த வீடியோவை எழில் காட்டினாள். காட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்து போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

மீரா உசேன் போன் செய்தார். "தங்கச்சி, கூட்டம் கலைய ஆரம்பிச்சிடுச்சும்மா. பின்னாலேர்ந்து அடங்கல் அடங்கல்னு ஒரே கத்தல். மாப்ள பாவம், என்ன பண்ணுவான்?"

"யாருண்ணே பாவம்?" என்றேன். வைத்துவிட்டார்.

19 ஆகஸ்ட்

ஐந்தாவது நாள். எழில்தான் தபால்காரி. "அப்பா, அம்மா சாப்பிடக் கூப்பிடுறாங்க." "அம்மா, அப்பா பசிக்கலைங்கிறாங்க." "அப்பா, அம்மா ரொம்ப நல்லதுங்கிறாங்க." நான் அப்படிச் சொல்லவே இல்லை. இவள் அப்பாவின் மகள்.

23 ஆகஸ்ட்

காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து வெங்காயம் உரிக்க ஆரம்பித்தார். உரித்துக்கொண்டே பேசினார். குரலில் விளையாட்டே இல்லை.

"ஜனங்க எழுந்து போறதப் பாத்தா எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. முதுகு முதுகாத் தெரியுது ஷோபி. பயந்துட்டேன். கையில கெடச்சத எடுத்து வீசிட்டேன். நீதான் கெடச்ச."

பன்னிரண்டு வருஷத்தில் இவர் வாயால் பயம் என்று கேட்டதில்லை. மேடை என்றால் இவருக்குத் தண்ணீர் பட்ட பாடு என்றே நினைத்திருந்தேன்.

"அடுத்த தடவ உங்களையே எடுத்து வீசுங்க" என்றேன்.

தலையாட்டினார். அரைக்கிலோ வெங்காயத்தையும் உரித்துவிட்டார். நாளைக்கு வெங்காய சாம்பார், வேறு வழியில்லை.

11 நவம்பர்

சென்னையிலிருந்து அழைப்பு. சினிமா! கதாநாயகனின் நண்பர்களில் ஒருவர், நாலு சீன். குளியலறையில் ஒரே வசனத்தை முப்பது விதமாகச் சொல்லிப் பார்க்கிறார். "டேய், அவ வரமாட்டாடா." கேட்டுக் கேட்டு பக்கத்து வீட்டு அம்மா வாசலுக்கே வந்துவிட்டார். "யாருப்பா வரல?"

19 மே 2023, வெள்ளி

படம் இன்று ரிலீஸ். கும்பகோணத்தில் முதல் காட்சிக்கு இருபத்துமூன்று பேர் போனோம். சொந்தக்காரர்கள், மீரா உசேன் குடும்பம், வீரையன்கூட லீவு போட்டுவிட்டு வந்தார். என் அப்பா புது வேட்டி.

டீக்கடை சீன். கதாநாயகன் நடந்து வருகிறார். ஓரத்தில் நீலக் கட்டம் போட்ட சட்டையில் ஒரு முதுகு. அது இவர். சட்டை நான் எடுத்துக் கொடுத்தது, அதனால் தெரிந்தது. மூன்று வினாடி. அவ்வளவுதான்.

இடைவேளைக்கு அப்புறம் வரும் என்று பாப்கார்ன் வாங்கினோம். வரவில்லை. பெயர்ப் பட்டியல் ஓடி முடியும்வரை இருந்தோம். பெயரும் இல்லை.

வெளியே வந்து யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மீரா உசேன்தான் தொண்டையைச் செருமினார். "சட்டை நல்லா இருந்துச்சு மாப்ள."

"முதுகு எப்படிப் பண்ணுச்சு?" என்றார் இவர்.

பிறகு இருபத்துமூன்று பேரும் ரோட்டில் நின்று சிரித்த சிரிப்பில் போகிற வருகிறவர்களெல்லாம் படம் அவ்வளவு நல்ல காமெடியா என்று போஸ்டரைப் பார்த்தார்கள். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாப்ள, முதுகு தத்ரூபம்" என்றார். மாப்பிள்ளை என்று அப்பா வாயில் வந்தது இதுதான் முதல் தடவை.

பஸ்ஸில் இவரை ஜன்னலோரம் உட்காரவைத்தேன். ஊர் வரும்வரை வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தார். பைக்கு அடியில் என் கையை மட்டும் விடவில்லை.

2 ஜூலை, ஞாயிறு

மன்னார்குடியில் நிகழ்ச்சி. பல வருஷம் கழித்து நேரில் போய்ப் பார்த்தேன். "முதுகு நடிகர்" என்று அரைமணி நேரம். ஊரையே வண்டி பிடித்துக் கூட்டிப்போய் தன் முதுகைக் காட்டிய கதை. முழுக்க இவர்தான், வேறு யாரையும் தொடவில்லை. பக்கத்து நாற்காலிப் பெரியவர் சிரித்துச் சிரித்து இருமி, நான் தண்ணீர் பாட்டில் கொடுத்தேன். "யாரும்மா இவன், படுபாவி!" என்றார்.

என் வீட்டுக்காரர் என்று சொன்னேன். இந்த வருஷத்தில் முதல்முறையாகக் கூசாமல் சொன்னேன்.

7 செப்டம்பர்

முந்தாநாள் சென்னை போனவர் இன்று திரும்பிவிட்டார். பெரிய படம், படம் முழுக்க வருகிற வேடம், இரண்டு மாதம் ஆகும் என்றுதான் போனார். கேட்டால் "செட் ஆகல" என்கிறார். என்ன செட் ஆகவில்லை? சம்பளமா, ஆளா, தேதியா?

"விடு ஷோபி."

விட்டேன். ஆனால் கொண்டுபோன துணியை மடித்த மடிப்புக் கலையாமல் கொண்டுவந்திருக்கிறார்.

9 ஜனவரி 2024, செவ்வாய்

மூன்று நாளாக விடாத மழை. சம்பா கதிர் முற்றி நிற்கிற நேரம். என் கிராமத்தில் பாதிக்கு மேல் தண்ணீருக்குள். காலையிலேயே பயிர்ச்சேதக் கணக்கெடுப்பு. வீரையன் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து அவரால் வரமுடியவில்லை. "நான் வர்றேன்" என்று இவர் கிளம்பினார். வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, பதிவேட்டைப் பாலிதீன் பையில் போட்டு நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, எனக்குக் குடை பிடித்தபடி வரப்பு வரப்பாக வந்தார். இரண்டு தடவை வழுக்கி விழுந்தார். யாரோ ஒரு ஆள் சிரித்தான். இவர் சிரிக்கவில்லை.

கமருன்னிஸா ஆறு மா, ஏறக்குறைய இரண்டு ஏக்கர், குத்தகைக்குப் பயிர் செய்கிறவர். வீட்டுக்காரர் இறந்து நாலு வருஷம். நாங்கள் போனபோது முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். சாய்ந்து கிடந்த கதிர் ஒன்றைத் தூக்கி, சேற்றைத் தண்ணீரில் அலசினார். விரலால் நீவி மணி மணியாகச் சுத்தம் செய்தார். அப்படியே திரும்பத் தண்ணீரில் படுக்கவைத்தார். அடுத்த கதிரை எடுத்தார். அழவில்லை. எங்களைப் பார்த்து ஒரு வார்த்தைகூடப் புலம்பவில்லை.

நான் போட்டோ எடுத்து எழுதிக்கொண்டேன். அப்போதுதான் கேட்டார். "அதுல என் பேரு வருமாம்மா?"

வராது. குத்தகை வாய்ப்பேச்சு, பத்திரம் இல்லை. ஏட்டில் சிங்கப்பூரில் இருக்கிற நிலத்துக்காரர் பெயர்தான். அவர் பக்கத்திலிருந்து எழுதிக் கொடுத்தால்தான் நிவாரணம் கமருன்னிஸாவுக்கு வரும். சொன்னேன். "அப்படியாம்மா" என்றுவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

ஸ்கூட்டியில் திரும்பும்போது இவர் பின்னால் இருந்து கேட்டார். "பேரு இல்லன்னா, அந்தக்கா பயிரே வைக்கலன்னுதானே அர்த்தம்?"

"ஆமா."

ஊருக்குள் நுழையும்போது, "இத வச்சா நான் ஜோக்கடிச்சேன்" என்றார்.

கண்ணாடியில் இவர் முகம் பார்த்தேன். மழைத்தண்ணீரா என்னவோ.

30 ஜனவரி

நிலத்துக்காரரின் தம்பி உள்ளூரில்தான் இருக்கிறார். மூன்று தடவை நடந்தேன். மூன்றாவது தடவை அவர் மனைவியே உள்ளே இருந்து, "எழுதிக் குடுத்துத் தொலைங்களேன், உழைச்சது அவங்கதானே" என்று சத்தம் போட, கையெழுத்துப் போட்டார்.

13 ஜூலை, சனி

என்னால் உட்காரவே முடியவில்லை. எழுத்துக் கோணுகிறது, போகட்டும்.

எழிலும் நானும் ஒரு புதுப் படத்துக்குப் போனோம். பெரிய கதாநாயகன், தியேட்டர் நிறையக் கூட்டம். கதாநாயகனின் நண்பனாக யாரோ ஒரு நடிகர். கல்யாண வீட்டுச் சீன். திடீரென்று அவர் சொல்கிறார், "என் பொண்டாட்டி வி.ஏ.ஓ.டா. ஊருக்கெல்லாம் அடங்கல் எழுதுவா..."

தியேட்டரே இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு.

எனக்கு வந்த கோபம்! என்னைச் சொன்னதற்கு இல்லை. அந்த ஆள் சொல்லிவிட்டானே! அதுவும் அவசரமாக, பல்லைக் காட்டிக்கொண்டு. "பன்னெண்டு வருஷம் ஆச்சு" என்றபின் இவர் ஒரு மூச்சு நிறுத்துவார். அந்த நிறுத்தத்தில்தான் எல்லாம். அது என் வீட்டு ஜோக்குடா! என் தலையில் விடிந்த ஜோக்கு! பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு நான் முணுமுணுத்திருக்கிறேன். எழில் என் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள்.

நேரே மீரா உசேன் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி ஆசியா டீ கொடுத்தும் குடிக்கவில்லை. "அண்ணே, திருடிட்டாங்கண்ணே" என்றேன்.

மீரா உசேன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அவன் உங்கிட்ட சொல்லவே இல்லயா?"

போன செப்டம்பரில் இவர் போனது இந்தப் படத்துக்குத்தான். அந்த வேடம் இவருடையது. முதல் நாளே அந்த ஜோக்கைச் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். அதற்காகத்தான் கூப்பிட்டதே. வேறு எத்தனையோ சொல்லிப் பார்த்திருக்கிறார். கேட்கவில்லை. "அது என்னோடது இல்ல சார், என் வீட்டம்மாவோடது" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"நான்கூட திட்டுனேன் தங்கச்சி. பொழைக்கத் தெரியாதவன்னு."

வீட்டுக்கு வந்தால் மனிதர் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கிறார். "படம் எப்படி?" என்றார். ஒன்றும் தெரியாத மாதிரி.

"உங்க அளவுக்கு அவனுக்கு டைமிங் இல்ல" என்றேன்.

ஈரத்துணியோடு நின்றுவிட்டார். ஆளுக்கொரு முனையைப் பிடித்துப் போர்வையைப் பிழிந்தோம்.

2 டிசம்பர்

மூன்றாவது படம். சின்னப் படம். இளம்பெண் ஒருவர் டைரக்டர். மன்னார்குடியில் அந்த முதுகுக் கதையைப் பார்த்தவராம். நம் பக்கத்துக் குத்தகை விவசாயியின் கதை. இவர்தான் அந்த விவசாயி. காமெடி ஒரு சீன்கூட இல்லை.

"ஜனங்க என் மூஞ்சியப் பாத்தாலே சிரிப்பாங்களே ஷோபி."

"சிரிச்சா சிரிக்கட்டும், அப்புறம் நிறுத்துவாங்க."

மீரா உசேன் வழியனுப்ப வந்தார். பதினைந்து வருஷ ஜோடி. "நீ போய் அழவச்சிட்டு வா. அதுவரைக்கும் நான் இங்க சிரிக்கவச்சிட்டிருக்கேன்" என்று தோளில் தட்டினார். இரண்டு பேருக்கும் மூக்கு சிவந்திருந்தது. குளிர் என்றார்கள்.

26 செப்டம்பர் 2025, வெள்ளி

நம் ஊர்த் தியேட்டரிலேயே பார்த்தோம். இந்தத் தடவை யாரையும் கூப்பிடவில்லை. ஆனால் ஊரே வந்துவிட்டது.

திரையில் இவர் வந்ததும் சிரிப்பு. விசில். இவர் வரப்பில் வழுக்குகிறார், மறுபடி சிரிப்பு. என் பக்கத்தில் இருந்த இவர் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

பிறகு மழை வருகிறது. மறுநாள் வயலுக்குப் போகிறார். முழங்கால் தண்ணீர். ஒரு கதிரைத் தூக்குகிறார். அலசுகிறார். மணி மணியாக நீவுகிறார். படுக்கவைக்கிறார். அடுத்தது. வசனம் இல்லை, பாட்டு இல்லை. கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

யாரோ ஒருவர் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் விட்டார். அப்புறம் தியேட்டரில் மின்விசிறிச் சத்தம் மட்டும். அவ்வளவு பேரும் வாயடைத்து இருக்கிற சத்தத்தை நான் முதல்முறை கேட்டேன். இவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், திரையை இல்லை.

வெளியே வந்தபோது கட்டிப்பிடிக்கிறார்கள், செல்ஃபி எடுக்கிறார்கள். வீரையன் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

நானும் சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். ஆனால்...

28 செப்டம்பர்

ஆனால் அது கமருன்னிஸா. கை, குனிவு, எல்லாம் அவரே. எனக்கு நடந்தது இப்போது அவருக்கா? நாளைக்கு அவரைப் பார்த்து ஊர் கைகாட்டுமா? இவரிடம் கேட்கலாம். சிரித்த முகத்தோடு இரண்டு நாளாகக் குழந்தை மாதிரி நடமாடுகிறவரிடம் எப்படிக் கேட்பது? நாளை மதுரைக்கு ஷூட்டிங் போகிறார். கேட்கவில்லை.

8 அக்டோபர், புதன்

காலையில் ஆபீஸ் வாசலில் கமருன்னிஸா. சம்பாவுக்குப் பயிர்க் காப்பீடு செய்ய அடங்கல் வேண்டும் என்று வந்திருக்கிறார். இந்த வருஷம் ஏட்டில் அவர் பெயர் இருக்கிறது. எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திக் கொடுத்தேன். காகிதத்தை மடித்துக்கொண்டே சொன்னார்:

"படம் பாத்தேம்மா. மக கூட்டிட்டுப் போச்சு."

"அக்கா, அது வந்து..."

"போன கார்த்திகையில வீட்டுக்கு வந்தாரும்மா உங்க வீட்டுக்காரரு. உள்ள வாங்கன்னாலும் வரல. 'அன்னிக்கு நீங்க தண்ணியில நின்னீங்களே அக்கா, அதே மாதிரி நான் ஒரு படத்துல நிக்கணும். நிக்கலாமா? வேணாம்னா வேற மாதிரி பண்ணிக்கிறேன்'னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ரெண்டு நாள் டயம் கேட்டேன். மூணாம் நாளு வந்து நின்னாரு. சரி, நில்லுங்க, ஆனா அழக்கூடாது, நான் அழலன்னு சொல்லி அனுப்புனேன்." காகிதத்தை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டார். "அழல. சொன்ன பேச்சு கேட்டுருக்காரு."

போய்விட்டார். கொஞ்ச நேரம் முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வீரையன் எட்டிப்பார்த்து, "என்னம்மா?" என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

மதியம் இவர் போன் செய்தார். மதுரையில் நல்ல வெயிலாம். இங்கே தூறல் என்றேன். சாப்பாடு சரியில்லையாம், எழில் பரீட்சை எப்படி எழுதினாள் என்று கேட்டார். கார்த்திகையில் போனதைப் பற்றி நான் கேட்கவில்லை. இத்தனை மாதம் சொல்லாமல் வைத்திருக்கிறார், வைத்திருக்கட்டும்.

"கமருன்னிஸா அக்கா வந்துட்டுப் போனாங்க" என்று மட்டும் சொன்னேன்.

மெதுவாகக் கேட்டார், "நடவு முடிச்சிட்டாங்களா?"

"போன வாரமே. வேர் பிடிச்சிருச்சாம்."